மடியில் வைத்த கைகள்

ஜெயகுமாருக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். மீசை சரியாக அரும்பாத வயதில் திருவனந்தபுரத்துக்கு வந்து, கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்து அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். இன்று அதே கடையில் பட்டுப்புடவைப் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். கல்யாணத்துக்குத் துணி எடுக்க ஒரு குடும்பம் படியேறி வந்தால், அதில் யார் காசு கொடுப்பவர், யார் முடிவெடுப்பவர், யார் முகம் சுளித்தால் வியாபாரம் கெடும் என்பது அவருக்கு உட்காரும்போதே தெரிந்துவிடும். காலை முதல் இரவு வரை அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை. கடையை அடைத்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. தெருவில் நடந்தாலும், பஸ்ஸில் நின்றாலும், யார் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதிலேயே கண் இருக்கும்.

அப்படிப்பட்ட மனிதருக்கு மகளாகக் கோமதி பிறந்தாள்.

மனைவி செண்பகவல்லி கரமனையில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தாத்தா காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கோமதிக்கு மூன்று வயது முடிகிற சமயத்தில் ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சந்தோஷம் வந்தாலும் பயம் வந்தாலும் இரண்டு கைகளையும், ஈரத்தை உதறுவது போல, வேகவேகமாக உதறுவாள். மிக்சி ஓடினால் வீடு அதிரக் கத்துவாள்.

செண்பகவல்லி அழுது தீர்த்துவிட்டு வேலையில் இறங்கிவிட்டாள். ஜெயகுமார் அழவில்லை. ஆனால் மூன்று பேரும் வெளியே போனால் அவர் நாலடி முன்னால் நடக்க ஆரம்பித்தார். கூட்டம் இருக்கிற இடத்தில் அந்த நாலடி பத்தடி ஆகும். செண்பகவல்லி அதைக் கவனித்தாள். எதுவும் கேட்கவில்லை.

கோமதிக்கு ஆறு வயதாகியிருந்தபோது கடையில் ஓணக் கொண்டாட்டம் வந்தது. வேலைக்காரர்கள் எல்லாரும் குடும்பத்தோடு வரவேண்டும் என்பது முதலாளி ஸ்ரீநிவாஸின் ஆசை. பவர்ஹவுஸ் ரோட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தில் அத்தப்பூக்கோலம், செண்டை, சத்யை என்ற பெரிய விருந்து. செண்டைமேளம் தொடங்கியதும் கோமதி கத்திக்கொண்டு ஓடினாள். பூக்கோலத்தின் நடுவில் விழுந்தாள். தூக்கப் போன முதலாளியின் மனைவியின் தலைமுடியைப் பிடித்து இழுத்துவிட்டாள். மேளம் நின்றது. மண்டபத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயகுமாருக்குக் காது இரண்டும் எரிந்தன. முதலாளியின் மனைவி, "சாரமில்லை, குட்டியல்லே" என்று, குழந்தைதானே பரவாயில்லை என்பதுபோல், சொல்லிச் சிரித்ததுதான் அவரை இன்னும் வதைத்தது. செண்பகவல்லி மகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். அவர் கூடப் போகவில்லை. நின்று பந்தி விசாரித்தார். "பிள்ளைக்கு நல்ல காய்ச்சல், அதான்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

மறுவாரமே அவர் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான ஒரு பயிற்சி சென்டரைக் கண்டுபிடித்தார்.

ஒரு வணிக வளாகத்தின் மூன்றாம் மாடி. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் சிரிக்கிற குழந்தைகளின் படங்கள். நடத்துகிறவர் அனூப் என்ற இளைஞர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். ஏபிஏ என்று ஒரு பயிற்சி, நடத்தையை அலசி ஆராய்ந்து மாற்றுகிற முறை, அமெரிக்காவில் எல்லாம் இதுதான் என்றார்.

"பெரிய காரியத்தைக் குட்டிக் குட்டியா உடைப்போம் சாரே. ஒவ்வொண்ணும் செய்யும்போ ஒரு சம்மானம், பரிசு. நல்ல நடத்தைக்குச் சம்மானம் கிட்டும், கெட்ட நடத்தைக்குக் கிட்டாது. அவ்வளவுதான்."

ஜெயகுமாருக்கு அது உடனே பிடித்துப்போனது. தயங்கி நிற்கிற வாடிக்கையாளருக்கு ஒரு காப்பி வரவழைத்தால் உட்கார்ந்துவிடுவார். கடையில் தினமும் செய்கிற வேலைதானே என்று தோன்றியது.

"மோளிடம் என்ன மாறணும்? சார் பறையணும், சொல்லுங்க" என்றார் அனூப்.

செண்பகவல்லி வாய் திறப்பதற்குள் ஜெயகுமார் சொன்னார்: "கை உதறக்கூடாது. சத்தம் போடக்கூடாது. நாலு பேர் இருக்கிற இடத்துல ஒரு மணி நேரம் அடங்கி உட்காரணும்."

"அது சிம்பிள். ஒரு வருஷம் தாங்க. மத்த குட்டிகளோட இருத்தினா தனியாத் தெரியாது."

தனியாகத் தெரியாது. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஜெயகுமாருக்கு வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. யார் சொல்லிக் கொடுப்பார்கள், அவர்கள் என்ன படித்தவர்கள், பிள்ளை அழுதால் என்ன செய்வார்கள், எதுவும் கேட்கவில்லை. ஒரு புடவைக்கு ஜரிகையைத் திருப்பிப் பார்க்காமல் வாங்காத மனிதர் அவர்.

கோமதிக்கு நேந்திரங்காயை வறுத்த உப்பேரி என்றால் உயிர். அதையே சம்மானமாக வைத்தார்கள். வீட்டில் இனி உப்பேரி தரக்கூடாது. காலையில் கொஞ்சம் வயிறு காலியாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். "பிள்ளையைப் பட்டினியாவா அனுப்பணும்?" என்று செண்பகவல்லி கேட்டாள். "படிச்சவங்க சொல்லுறாங்க வல்லி. நீ பாவம் பாத்துப் பாத்துத்தான் இப்படி ஆச்சு" என்றார் ஜெயகுமார்.

பெற்றவர்கள் உள்ளே போகக்கூடாது. வெளியே நாற்காலியில் காத்திருக்க வேண்டும். மூடிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்: "கை மடியில்! கோமதி, கை மடியில்!" தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுபோல ஒலிக்கிற கட்டளை. அதை மீறிக்கொண்டு கோமதியின் அழுகை கேட்கும். விடுமுறை நாளில் கூட்டிக்கொண்டு போகும் ஜெயகுமார், அழுகை வந்தால் கீழே போய் டீ குடித்துவிட்டு வருவார். நாளாக ஆக அழுகை குறைந்தது. பிறகு நின்றேபோனது. முன்னேற்றம் என்று அவர் நினைத்தார்.

வீட்டிலும் அவரே பயிற்சி கொடுத்தார். ஸ்டூலில் உட்கார வைப்பார். கை எழுந்தால் பிடித்து மடியில் அமுக்குவார். அடங்கி இருந்தால் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு உப்பேரி. கோமதி மெல்ல மெல்ல அவர் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைப் பார்ப்பாள். மகள் தன் முகத்தைப் பார்க்கிறாள் என்பதே அவருக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த ஓணத்துக்கு அவர்தான் வற்புறுத்தி மகளைக் கூட்டிப் போனார். செண்பகவல்லிக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தாள். "வேண்டாம், நான் இல்லாம கொண்டுபோகாதீங்க" என்றாள். அவர் கேட்கவில்லை. கோமதிக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை கட்டி, தலை பின்னி, மல்லிகை வைத்து, கையைப் பிடித்து மண்டபத்துக்குள் நடத்திக் கொண்டுபோனார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் அவளை விட்டு முன்னால் நடக்கவில்லை.

செண்டை முழங்கியது. கோமதியின் உடம்பு நடுங்கியது. "கை மடியில்" என்றார் மெதுவாக. கைகள் மடிக்குப் போயின. ஒரு துண்டு உப்பேரி. மேளம் முடிகிற வரை அவள் அசையவில்லை. போன வருஷம் பார்த்தவர்கள் எல்லாம் வந்து வந்து பார்த்தார்கள். "ஜெயகுமாரே, மிடுக்கிக் குட்டி! எந்தொரு மாற்றம்!" என்று கெட்டிக்காரப் பட்டம் கொடுத்தாள் முதலாளியின் மனைவி. ஜெயகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது.

பந்தியில் முதலாளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்த சென்டர், என்ன ட்ரீட்மென்ட் என்று விசாரித்தார். ஜெயகுமார் அவர் பக்கம் முழுக்கத் திரும்பி, அனூப் சொன்னதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் ரசம் பரிமாறிக்கொண்டு வந்தார்கள். கோமதியின் பக்கமிருந்து 'ம்' என்று ஒரு சத்தம் வந்தது. ஜெயகுமார் திரும்பினார். அவளுடைய கைகள் இரண்டும் மேலே எழுந்து விறைத்து நின்றன. முதலாளி பார்க்கிறாரே என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

"கோமு, கை மடியில்."

கைகள் நடுங்கி நடுங்கி இறங்கின. மடியில் போய் உட்கார்ந்தன. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. ரசத்தின் காரம் என்று நினைத்தார். சட்டைப் பையில் கைவிட்டு ஒரு துண்டு உப்பேரி எடுத்து அவள் வாயில் வைத்தார். முதலாளி, "பலே!" என்று கைதட்டினார்.

சாயங்காலம் வீட்டில் பாவாடையை அவிழ்த்த செண்பகவல்லியின் அலறல் தெருவுக்கே கேட்டது. வலது தொடை முழுவதும் சிவந்து, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் எழும்பி, பட்டோடு ஒட்டி உரிந்திருந்தது. கொதிக்கிற ரசம் மடியில் சிந்தியிருக்கிறது. பச்சைப் பட்டில் ஈரம் வெளியே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டி டாக்டர் இளம்பெண். "இது எப்போ பட்டது?" என்று கேட்டாள்.

"தெரியல டாக்டர். சத்யையில... நான் பார்க்கல."

"குட்டி கரஞ்சில்லே? அழவேயில்லையா?"

"அவளுக்கு ஆட்டிசம் டாக்டர். வலி அவ்வளவாத் தெரியாது" என்றார் ஜெயகுமார். சொல்லும்போதே அது பொய் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நர்ஸ் புண்ணைச் சுத்தம் பண்ண ஆரம்பித்தாள். கோமதியின் உதடு இரண்டும் உள்ளே மடங்கின. கண்ணீர் கன்னத்தில் ஓடிக் கழுத்தில் இறங்கியது. கைகள் அசையாமல் மடியிலேயே இருந்தன. அவள் ஜெயகுமாரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவருடைய சட்டைப் பையைப் பார்த்தாள்.

டாக்டர் அந்தப் பார்வையைக் கவனித்தாள். ஏன் என்று அவளுக்குப் புரிந்திருக்காது. ஜெயகுமாருக்குப் புரிந்தது. வெந்த தொடையோடு கை தூக்கிச் சொல்ல வந்த பிள்ளையை அடக்கி, அடங்கியதற்குப் பரிசும் கொடுத்திருக்கிறார். வராந்தாவுக்குப் போய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். செண்பகவல்லி, "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று வந்து கேட்டாள். "பார்க்கலன்னு சொன்னேம்லா" என்றார். உப்பேரியைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சென்டருக்குப் போய்ச் சத்தம் போட்டார். அனூப் பதறவில்லை.

"கஷ்டமாயிப் போச்சு சாரே. ஆனா ஒண்ணு ஆலோசிச்சுப் பாருங்க. அடங்கி உட்காரணும்னு சார்தான் பறஞ்சது. அது எங்க ஆட்கள் படிப்பிச்சாங்க. சத்யையில, மேளத்துல, எல்லா இடத்திலயும் செஞ்சு காட்டியிருக்கா. வலிச்சா பறையணும்னு படிப்பிக்கச் சார் சொல்லவே இல்லையே?"

"அதை நான் சொல்லணுமா? நீங்க படிச்சவங்கதானே?"

அனூப் டேப்லெட்டைப் பார்த்தார். அந்த ஆளை எவ்வளவு திட்டினாலும் அவன் சொன்னது பொய்யில்லை. பிள்ளைக்கு என்ன தேவை என்று அவர் அன்றைக்கு ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. தனக்கு என்ன தேவை என்று மட்டும் சொன்னார். மாடிப்படியில் இறங்கி வந்துவிட்டார்.

"இனி எந்தப் பயிற்சியும் வேண்டாம்" என்று செண்பகவல்லி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "என் பிள்ளை என்ன குரங்கா? அவ எப்படி இருக்காளோ அப்படி இருந்துட்டுப் போறா."

ஆனால் அதுவும் நடக்கவில்லை. கோமதி இப்போது எதற்கும் கத்துவதில்லை. பசித்தாலும் சொல்வதில்லை, பாத்ரூம் போகவேண்டுமென்றாலும் அசைவதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். ஒருநாள் தலையணையில் சீழ் ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் அவளுக்குக் காதுவலி என்று தெரிந்தது. பழைய கூப்பாடாவது ஒரு பாஷையாக இருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்; பதிலுக்கு வேறெதையும் கொடுக்கவில்லை.

காது பார்க்கப் போன அரசு ஆஸ்பத்திரியில், பிள்ளைகளின் வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த வயதான பெண் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நாகர்கோவில்காரர்.

"ஏபிஏன்னா ஒரே மாத்திரைன்னு நெனச்சிட்டீங்க. ஒரே போர்டை மாட்டிக்கிட்டுப் பத்து மாதிரி நடத்துதாங்க. சின்ன வயசுல இதுல கஷ்டப்பட்டவங்க பெரியவங்களாகி, எங்களை வதைச்சாங்கன்னு இப்பம் சொல்லுதாங்க. அதையும் காதுல போட்டுக்கிடணும். ஒழுங்காச் செஞ்சதுனால கஷ்டத்தைச் சொல்லப் படிச்ச பிள்ளைகளும் இருக்கு. அதனால போய்ப் பாருங்க, கேளுங்க. கதவைத் திறந்து வச்சுச் செய்வாங்களா? அழுதா நிறுத்துவாங்களா? சொல்லிக்கொடுக்கிற ஆளுக்கு மேல யாரு இருக்கா, அவங்க வந்து பாக்காங்களா? அப்புறம், குணமாக்கிடுவோம், தனியாத் தெரியாதுன்னு எவனாவது சொன்னா, அந்த நிமிஷமே எழுந்து வந்திடுங்க."

"போன தடவை அந்தச் சொல்லுக்குத்தான் டாக்டர் நான் உட்கார்ந்தேன்" என்றார் ஜெயகுமார், தரையைப் பார்த்துக்கொண்டு.

புருஷனும் பெண்டாட்டியும் இடம் தேடி அலைந்தார்கள். ஒரு இடத்தில் வாரம் நாற்பது மணி நேரம் வந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். எந்தப் பிள்ளைக்கானாலும் அதே நாற்பது. இன்னொரு இடம் நல்ல இடம்; ஆனால் தொலைவு, கழக்கூட்டத்துக்கும் அப்பால், மேற்பார்வைக்கு ஆள் மாதம் ஒருமுறை பெங்களூரிலிருந்து வீடியோவில் வருவாராம். செண்பகவல்லிதான் கேள்வி கேட்டாள். ஜெயகுமார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

கடைசியில் வலியசாலைக்குப் பக்கத்தில், வீட்டையே பாதியாகத் தடுத்து நடத்துகிற ஷைலஜாவிடம் வந்தார்கள். ஐம்பதை நெருங்குகிற வயது, பருத்திப் புடவை. முறையாகப் படித்துத் தேர்வு எழுதியவர். பத்துக்கும் குறைவான பிள்ளைகள். அறைக்குக் கதவே இல்லை, ஒரு துணித்திரைதான். முதல் வேலையாக அவர் கோமதி முன்னால் தரையில் உட்கார்ந்தார். எதுவும் சொல்லவில்லை. கோமதி தானாகப் பாத்திரத்திலிருந்த மணலை அளைய ஆரம்பிக்கிற வரை காத்திருந்தார்.

பிறகு கேட்டார்: "மோளுக்கு என்னவெல்லாம் இஷ்டம்?"

செண்பகவல்லி சொன்னாள்: தண்ணீர் விழுகிற சத்தம், ஈரத் துணியின் மணம், ஊஞ்சல்.

"அச்சன் பறையணும். அப்பா சொல்லுங்க."

ஜெயகுமார் வாயைத் திறந்தார். உப்பேரி என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் வரவில்லை. அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஏழு வயது மகளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல், ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் எந்த நிறம் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஷைலஜா அதைப் பெரிதுபடுத்தவில்லை. முன்பெல்லாம் மிக்சி ஓடினால் கத்துவாள் என்று செண்பகவல்லி சொன்னதை எடுத்துக்கொண்டு விளக்கினார். "கத்தறதுக்கு முன்னால என்ன இருக்கு? மிக்சி. கத்தின பிறகு என்ன நடக்கும்? நீங்க மிக்சியை நிறுத்துவீங்க. அப்போ அந்தக் கத்தல் என்ன? 'நிறுத்து'ங்கிற வாக்கு, வார்த்தை. முன்னால, பின்னால, நடுவில, இதைப் பார்க்கிறதுதான் எங்க வேலை. கத்தலை அடைச்சா வாக்கும் அடைஞ்சு போகும். கத்தறதைவிட லேசான ஒரு வார்த்தை கொடுக்கணும். படமாயிருக்கலாம், கையசைப்பா இருக்கலாம். கூடவே பேச்சுப் பயிற்சிக்கு ஒரு டீச்சரும் வருவா. பேச்சு வரும்னு நான் உறுதி தரமாட்டேன்."

"கை உதறல்?" என்று செண்பகவல்லி கேட்டாள்.

"அது யாருக்கு உபத்திரவம்? மோளுக்கா?"

கோமதி மணலை அளைந்துகொண்டிருந்தாள்.

"ஒரு விஷயம் எனக்குத் தெரியணும்" என்றார் ஷைலஜா. "முன்னாடி எப்படிப் படிப்பிச்சாங்க, சம்மானம் எப்படிக் கொடுத்தாங்க? தொடை வெந்துபோன அன்னைக்கு என்ன நடந்தது? மறைக்காம சொல்லணும். இவ எதுக்கெல்லாம் பயப்படறான்னு தெரிஞ்சாத்தான் நான் தொடங்க முடியும்."

"இவரு பார்க்கலை" என்றாள் செண்பகவல்லி.

ஜெயகுமார் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த இடம் மறுபடி வியர்த்தது.

"ரசம் விழுந்ததை நான் பார்க்கல மேடம். அது நிஜம். ஆனா அவ சத்தம் போட்டா. கையைத் தூக்குனா. நான்... கை மடியிலன்னு சொன்னேன். மொதலாளி பக்கத்துல இருந்தாரு. அவ கையை எறக்கிட்டா. நான் உப்பேரி கொடுத்தேன்."

தெருவில் ஒரு பைக் ஸ்டார்ட் ஆகாமல் உதைபட்டுக்கொண்டிருந்தது. செண்பகவல்லி எழுந்தாள். கோமதியைத் தூக்கிக்கொள்ளவில்லை, அவரைப் பார்க்கவுமில்லை. திரையை விலக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். ஜன்னல் வழியாக அவளுடைய முதுகு குலுங்குவது தெரிந்தது.

"சொன்னது நல்லது" என்றார் ஷைலஜா. ஆறுதலாக வேறு எதுவும் சொல்லவில்லை. அதற்காக ஜெயகுமார் பின்னால் அவரை மதித்தார். அன்று அவருக்கு அந்தத் தரை பிளந்தால் போதும் என்றிருந்தது.

வீட்டில் செண்பகவல்லி வெகுநாள் அவரோடு பேசவில்லை. சாப்பாடு போடுவாள், வேண்டுமா போதுமா என்று கேட்க மாட்டாள். ஒருநாள் மட்டும், துணி மடித்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "நீங்க அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன். அவளுக்கு வலி தெரியாதுன்னு சொன்னீங்களே, அதுதான் எனக்குத் தாங்கல." அவர் சொல்வதற்கு இருந்ததெல்லாம் அவளுக்கே தெரிந்திருந்தது.

ஷைலஜா முதலில் கற்றுக்கொடுத்தது 'வேண்டாம்'. சிவப்பு வட்டம் போட்ட ஒரு சின்ன அட்டை. கோமதி அதை எடுத்துக் கொடுத்தால், எது நடந்துகொண்டிருந்தாலும் உடனே நிறுத்திவிட வேண்டும். தலை வாருவதானாலும் சரி, பயிற்சியானாலும் சரி. "இவ பறஞ்சா ஆட்கள் கேட்பாங்கன்னு இவளுக்கு முதல்ல நம்பிக்கை வரணும்" என்றார். அந்த அட்டையைக் கோமதி வெகுநாள் தொடவே இல்லை. ஷைலஜா கையைப் பிடித்து எடுக்க வைக்கவில்லை. பொம்மையின் தலையை வாருவார், பொம்மையின் கையால் அட்டையை எடுப்பார், வாருவதை நிறுத்துவார். மறுபடி மறுபடி அதையே செய்தார். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கும்போது ஜெயகுமாருக்கு இது என்றைக்கு வரும் என்றிருக்கும்.

முதல் அட்டை அவருக்குத்தான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோமதி வாளித் தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் கைகள் எழுந்து உதறின. பழைய பழக்கத்தில் ஜெயகுமாரின் கை தானாக நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அவள் உடம்பு கல்லாகிவிட்டது. அவர் சட்டென்று விட்டார். கோமதி எழுந்து போனாள். வீட்டுச் சுவரிலும் மாட்டியிருந்த சிவப்பு வட்ட அட்டையை எடுத்துக்கொண்டு வந்து அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

அவர் அதை வாங்கிக்கொண்டார். "சரி மக்ளே. வேண்டாம். அப்பா தொடல" என்றார். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த செண்பகவல்லி, கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அட்டைகள் பெருகின. வலி என்பதற்கு ஒன்று, பசிக்கு ஒன்று, இறங்கவேண்டும் என்பதற்கு ஒன்று. இப்போது கோமதிக்கு ஒன்பது வயது. பேச்சு என்று பார்த்தால் 'அம்மா', 'தண்ணி', இன்னும் சில சொற்கள். பள்ளியில் தனி ஆசிரியை இருக்கிற வகுப்பில் பாதி நேரம் உட்காருகிறாள். மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்தால் தனியாகத்தான் தெரிகிறாள். தொடையில் தழும்பு இருக்கிறது. இனி போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன மாதம் ஒருநாள் ஜெயகுமார், பள்ளியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகலாமென்று, அவளைக் கிழக்கேகோட்டை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். ஆபீஸ் நேரம், நெரிசல். கிள்ளிப்பாலம் வருவதற்கு முன்பே கோமதி கழுத்துக் கயிற்றில் தொங்கிய அட்டைகளில் ஒன்றை எடுத்து அவர் கையில் திணித்தாள். இறங்கணும். அவர் எழுந்து, "ஆள் எறங்கணும்!" என்று கூவினார். கண்டக்டர், "ஸ்டாப் வந்திட்டு எறங்கினா போதாதோ?" என்று எரிந்து விழுந்தார். கோமதி கைகளை உதறிக்கொண்டு கீச்சென்று கத்த ஆரம்பித்தாள். பஸ் முழுக்கத் திரும்பியது. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் கடையில் பலமுறை புடவை எடுத்தவர். அவரும் திரும்பிப் பார்த்தார்.

ஜெயகுமாருக்குக் காது எரிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் எரிகிறதே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அது அவரை விட்டுப் போகவில்லை, இனி போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அவர் மகளின் கையைத் தொடவில்லை.

"எனக்க மோளாணு. இப்பம் எறங்கணும். நிறுத்துங்க" என்றார், தமிழும் மலையாளமுமாக. குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

பஸ் நின்றது. இருவரும் இறங்கினார்கள். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. கடைக்கு நேரமாகிவிட்டது, குடையும் இல்லை. கோமதி ஒரு மூடிய கடையின் தகரக் கூரைக்குக் கீழே போய் நின்று, தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கைகளை உதறினாள். போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜெயகுமார் செல்போனை எடுத்து, வர நேரமாகும் என்று கடைக்குச் சொன்னார். பிறகு செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

"பஸ்ல எறங்கணும்னு அட்டை தந்தா. எறங்கிட்டோம்."

"நனையுதாளா?"

"இல்ல. கூரைக்குக் கீழ நிக்கோம்."

"அங்கேயே நில்லுங்க. நான் குடை எடுத்துட்டு வாறேன்" என்றாள் செண்பகவல்லி.